முதல் குழாய்

முதல் குழாயை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஊசி கண்டு மிரண்ட ரத்தம் அது,
தோல் கிழிந்த சேதி ஊறியிருக்கும்.
ஓரமாக வைத்ததைப் பார்த்துச் சடையப்பன் கேட்டார்:
"ஏனுங் அம்மிணி, என்ற ரத்தத்துலயே
ஒரு வாய் ஆகாதுங்களா?"

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் குவாரி.
பதினெட்டு வருசம் பாறையில் துளை போட்டவர்.
மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஜல்லி சரிகிறது.
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம்.
"கட்டஞ்சாயா மட்டுந்தானுங்."
மீசையில் தேங்காய்ச் சட்னி.

நீல மூடிக் குழாய்கள் ஆறு.
ஐஸ் கூடாது, குளிர்ந்தால் தட்டணுக்கள் பதறும்.
குலுங்கக் கூடாது.
தூங்கும் பிள்ளையைப் போல
ஸ்கூட்டரில் என் காலிடையில் பெட்டி.
பள்ளம் பள்ளமாக எண்ணிக்கொண்டு
பாலக்காட்டுக்கு ஒரு மணி நேரம்.

செக்போஸ்ட்டில்
தக்காளி லாரிக்கும் வைக்கோல் வண்டிக்கும் நடுவே நிறுத்தினான்.
"எந்தா பெட்டியில்?"
"ரத்தம்."
"ஆருடெ?"
சொன்னால் எழுதிக்கொள்வானா?
ஒரு குழாயை உருவி வெயிலுக்கு நேரே தூக்கி,
கள்ளில் நுரை பார்க்கிற பழக்கத்தில்
இரண்டு குலுக்கு.
பிறகு, "பொய்க்கோ."

இரண்டு முறை சுழற்றினேன். மேலே தெளிந்தது மஞ்சள்,
சட்னி புண்ணியத்தில் கொஞ்சம் பால் கலந்த மஞ்சள்.
நீள்குழாயில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தேன்.
ஏழு, எட்டு, ஒன்பது.
அந்த மூன்றில்தான் இருக்கும் குமிழிகள்:
செல்லிலிருந்து கிள்ளி விழுந்து
இன்னொரு செல்லின் வாசலுக்குப் போகிற பொட்டலங்கள்.
எதிர்ப்புச் சக்தியை எழுப்பவும் செய்யும்,
படுக்கப் போடவும் செய்யும்.
இவற்றைத் தட்டணுத் தூசி என்று
தள்ளிவிட்ட காலம் உண்டு.
தூசி என்ற சொல்லை மட்டும்
சடையப்பனிடம் சொல்லாமல் விட்டேன்.

லேசரை விட்டால் இருட்டில்
நடுங்கும் வெள்ளைப் புள்ளிகள்.
ஐந்து குழாயில் ஏறக்குறைய ஒரே கணக்கு.
ஆறாவதில் நாலு மடங்கு.
கொழுப்பும் அதே அளவு, அதே ஆட்டம்.
எது குவாரி, எது சட்னி, எது செக்போஸ்ட்
என்று லேசருக்குத் தெரியாது.

சூசன்னா குருவிளா மேடம் எட்டிப் பார்த்து
"ஆறும் வேண்டாம், களைஞ்ஞேக்கு" என்றார்.
ஐந்தைக் களைந்தேன்.
ஆறாவதை மைனஸ் எண்பதில் வைத்திருக்கிறேன்.
லேபிளில் தேதி, வயது ஐம்பத்தொன்று, குலுக்கப்பட்டது.
பதினெட்டு வருசக் கல்லைப் பற்றி
அந்த நெஞ்சு என்ன எழுதி அனுப்புகிறது,
எனக்கு இன்னும் ஓர் எழுத்து பிடிபடவில்லை.
யாரோ ஒருவனின் மணிக்கட்டு
இரண்டு தரம் அசைந்ததை மட்டும்
தெளிவாக வாசிக்கிறேன்.

போன் போட்டேன். புதன்கிழமை மறுபடி வருவாராம்.
"சட்னி இல்லாமயே வர்றனுங்.
ஆனா அந்த மொதக் குழாய
என்ன பண்ணுவீங்கன்னு சொல்லலியே?"

இந்த முறை நடுப்புணி வழியாகப் போக வேண்டும்.
அங்கே ரோடு எப்படி என்று விசாரிக்கணும்.