சகரத்தில் கசியும் காற்று

ரியேகாவில் மூன்று நாளாகப் புரா,
மலையிலிருந்து இறங்கி வந்து கடலை அறையும் வாடை.
மீன் சந்தையிலிருந்து நேரே வந்தவள்
கோட்டைக் கழற்றவில்லை.
லெர்கா சுபெரினா. அறுபத்தெட்டு.
மேலே முன்பல் ஒன்று, கீழே கடைவாய் ஒன்று,
இரண்டு இடம் காலி.
"சாளை சாளை என்று கூவினால்
சாளைக்கு முன்னால் காற்று போய்விடுகிறது, டாக்டர்.
ஆணி அடித்துப் பல் வைத்துவிடு."

வாய் திறக்கச் சொன்னேன்.
ஈறின் ஓரமாக முனையை நடத்தினேன்:
மூன்று, மூன்று, இரண்டு, நான்கு.
நான்கில் ஒரு சொட்டு ரத்தம்.
"செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலவே பார்க்கிறாய்"
என்றாள், என் விரல் வாய்க்குள் இருக்கும்போதே.

சர்க்கரை? இல்லை.
இதயம்? துடிக்கிறது.
ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது? இல்லை.
சிகரெட்?
வெளியே இழுவைக் கப்பலொன்று ஊதி முடிக்கும்வரை
பதில் வரவில்லை.
"நாளைக்கு நாலு."
நகத்து மஞ்சள் பன்னிரண்டு என்றது.
எட்டு என்று எழுதிக்கொண்டேன்.

ஸ்கேனில் தாடை சாம்பல் நிறத்தில் சுழன்றது.
பதினோரு மில்லிமீட்டர் உயரம், ஏழு அகலம்,
நரம்பின் வாய்க்கால் தள்ளியே ஓடியது.
அவள் திரைக்குள் தலையை நீட்டி
ஆயிரம் நடுமுள் உருவிய கண்ணால் பார்த்தாள்.
"நல்ல முள்."
நல்ல எலும்புதான்.
நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"ஏன் நன்றாக இருக்காது?
வருடத்துக்கு ஒரு தடவை
மேட்டு ஆஸ்பத்திரியில் கையில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்களே,
எலும்புக்கு என்று."

படிவத்தில் 'வேறு மருந்துகள்' என்ற இடத்தில்
அவள் போட்ட கோடு நேராக, அழகாக இருந்தது.
எத்தனை வருடமாக?
"இடுப்பு ஒடிந்ததிலிருந்து. ஏழு."
விழுங்குவது ஏதும்?
"மூட்டுக்குப் பாதி மாத்திரை.
பாதியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?"

பேனாவை மூடினேன்.
அந்தச் சொட்டு எலும்பைக் கரைய விடாது,
கரையத் தெரியாத எலும்புக்குக்
கட்டவும் மறந்துபோகும்,
துளை போட்டால் ஆறாமலே கிடக்கலாம் என்றேன்.
அந்தப் பாதி மாத்திரை, அந்த எட்டு சிகரெட்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன என்றேன்.
ஆயிரத்தில் எத்தனை பேர் என்றும் சொன்னேன்.
சொல்லும்போது எண் சின்னதாகத் தெரிந்தது,
திரையில் தாடை பெரிதாக.

"அப்படியானால் சிகரெட்டுக்கு நான் பயந்தது வீணா?"

வீணில்லை என்றேன்.
பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பாலம் கட்டலாம்.
கழற்றி மாட்டுவதும் இருக்கிறது.
"கழற்றுவதா! பெட்டியிலிருக்கும் மீனே சிரிக்கும்."
கோட்டுப் பையிலிருந்த உறையை எடுத்தாள்.
ஈரம் பட்டு உப்பிய நோட்டுகள்.
எடுத்தவள் திரும்ப உள்ளே வைத்தாள்.
சொல்லிவிடுகிறேன்:
அந்த உறைக்குள் என் ஸ்கேன் இயந்திரத்தின்
இரண்டு மாதத் தவணை இருந்தது.
அடுத்த தெருவில் இத்தாலிய மொழியில் ஒரு பலகை,
'காலையில் வாருங்கள், மாலையில் பற்களோடு போங்கள்.'
அதன் வழியாகத்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவளுடைய மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்.
பதில் வரவில்லை.
இரவில் சில தடவை அந்தப் பதினோரு மில்லிமீட்டர்
கண்ணுக்குள் வந்து நின்றது.
என்னைவிடத் துணிந்த கை ஒன்று
சரியாகவே செய்திருக்கக்கூடும்.

மூன்றாம் வெள்ளி சந்தைக்குப் போனேன்.
கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றியிருந்தாள்.
வாய் தெரியவில்லை.
மீனைப் பார்க்காமல் துண்டையே பார்த்து நின்றேன்.
"என்ன வேண்டும்?"
அரைக் கிலோ சாளை என்றேன்.
"சாளையா?"

சகரத்தில் காற்று கசிந்தது.

அதற்கு நிம்மதி என்று பெயர் வைக்க
வெட்கமாக இருந்தது.
ஐம்பது சென்ட் கூடுதலாக எடுத்துக்கொண்டாள்.
நான் கேட்கவில்லை.