தண்டலின் பாக்கி

செவ்வாய் இரவு. படகுத்துறையில் ஒரு கடைவீட்டு மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் மைலோ டின்.
ஆறு பிடில், ஒரு அக்கார்டியன், அப்புறம் நான்:
பகலெல்லாம் துவாஸில் திரைக்கு முன் அமர்ந்து
பெட்டி இறக்குகிறவன்.
கப்பலைக் கையால் தொட்டு வருடம் நாலாகிறது.

மோராக் கில்கிறிஸ்ட் தாளை நீட்டினாள்.
கப்பல் சேதம் மதிப்பிடுவது அவள் வேலை;
எதையும் இரண்டு தரம் தட்டிப் பார்ப்பாள்.
"டேண்டல்ஸ் டியூ. எங்கள் ஊர்ப் பழசு."
டேண்டல், அபர்தீன் பக்கம் ஒரு குன்றாம்.
டியூ, பனித்துளியாம்.
எவனோ கப்பல் தச்சன் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டான் என்று
அச்சிட்டவர் அடிக்குறிப்பில் திருத்தியிருக்கிறார்.
குன்றின்மேல் பனி. அழகுதான்.
ஆனால் அந்தக் குன்று
எந்த வரைபடத்திலும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் ஊரில் மெட்டுக்குப் பெயர் சும்மா வராது.
சீமாட்டி ஒருத்தி கினி கொடுத்தால் அவள் பெயரில் ஒரு ரீல்.
பிரபு வீட்டுக் கல்யாணமென்றால்
பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று,
விருந்து நன்றாயிருந்தால் குதிரைக்கும் ஒன்று.

நகலைத் திருப்பினேன். தச்சன் கையெழுத்து, மசி பரவி,
மூலையில்: சிங்கப்பூர் நங்கூரத்தில், 1868.

"குன்று இல்லை, மோராக். ஆள்."
தண்டல். படகுக்குத் தலைவன்.
இதோ, இந்த ஜன்னலுக்குக் கீழே
நாகூர்க்காரர்கள் தொங்கானில் மூட்டை ஏற்றித் துழாவிய ஆற்றில்
கடைசியில் கூலி கேட்டு நிற்பவனும் அவனே.
தண்டல் என்றால் வசூலும்தான்.
டியூ, பனி இல்லை. பாக்கி.

யாரும் பேசவில்லை. அக்கார்டியன் மட்டும் பெருமூச்சு விட்டது.
"இருக்கலாம்" என்றாள் மோராக். "இல்லாமலும் இருக்கலாம்."
பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

வாசித்தோம்.
குறில் முன்னே, நெடில் பின்னே,
அவர்கள் தாளத்துக்கே உரிய வெட்டு.
பள்ளியில் நிரையசை என்று மனப்பாடம் செய்தது
இப்போதுதான் கைக்குப் புரிந்தது:
துழா, துழா, துழா.
துடுப்பு சட்டென்று விழுந்து
நீளமாக இழுபடுகிறது.
இதைச் சாட்சியாகச் சொல்லவில்லை.
அந்தத் தாளத்துக்கு ஆடு மேய்ப்பதும் பொருந்தும்.

ஆனால் கடைசிச் சுரம் ஆதார சுருதியில் வந்து அமரவில்லை.
ஒரு படி மேலேயே நின்று
மறுபடி முதலிலிருந்து கேட்கிறது.
ஏழு தடவை வாசித்தும் தீரவில்லை;
எட்டாவதில் வில்லைத் தூக்கி நாங்களே நிறுத்தினோம்.

கொடுத்தவர்களுக்கெல்லாம் மெட்டு வைக்கும் ஊரில்
கொடுக்காமல் போனதற்காக ஒருவன் வைத்தானா?
கப்பல் கிளம்பிவிட்டதா, காசில்லையா, மனமில்லையா?
தண்டலின் பெயரை அவன் கேட்டிருக்கவே மாட்டான்.
கேட்டிருந்தால் அதையல்லவா எழுதியிருப்பான்.

படியிறங்கும்போது மோராக்:
"வட்டியோடு இன்றைக்கு எவ்வளவு வரும்?"
அசலே தெரியாதே என்றேன்.
ஆறு கறுப்பாக, ஒரு சுற்றுலாப் படகின் விளக்கோடு.
அவள் எம்ஆர்டிக்குப் போனாள்.
நான் கடைசிப் பேருந்துக்கு ஓடினேன்.
காலை ஏழு மணிக்கு ஷிப்ட்.