பத்தொன்பது வாய்தா

கோட்கா துறைமுகத்திலிருந்து வந்த கடிதம் மூன்றே வரி.
எழுதியவர் சைமி ரௌட்டலா,
பளுதூக்கிகளைப் பழுதுபார்க்கும் குழு.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.

நான்காம் பளுதூக்கிக்கு பிரேக் மாற்றும் வேலை
பதினோரு முறை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போய்விட்டது.
உங்கள் பலகை ஒவ்வொரு முறையும் அதைப் புதியது என்கிறது.

படித்தபோது மாலை மூன்றரை,
தம்பெரேயின் நவம்பரில் அது இரவு.
பஞ்சாலையாக இருந்த எங்கள் கட்டடத்துக்குக் கீழே
ஆறு இருட்டில் இரைந்துகொண்டிருந்தது.

அந்த வசதியை எழுதியவன் நான்.
இரண்டு வாரம் முடிந்ததும்
முடியாத அட்டைகளையெல்லாம் அள்ளி
முகம் கழுவி, தலை வாரி, பொட்டழித்து
புதுப் பிள்ளைகளாய் அடுத்த வரிசையில் உட்காரவைக்கும்.
திங்கட்கிழமை காலை பலகை பளிச்சென்றிருக்கும்.
"யாருக்கும் குற்றவுணர்வு வேண்டாமே" என்றேன் கூட்டத்தில்.
கைதட்டினார்கள்.

தேய்ந்த பிரேக்குக்கு ஏது திங்கட்கிழமை?

அட்டையின் மூலையில் ஓர் எண் வைத்தோம்:
இதுவரை எத்தனை வாய்தா.
மூன்றைத் தாண்டினால் சிவப்பு.
புதன்கிழமை வெளியிட்டோம்.
வெள்ளிக்குள் நாற்பத்திரண்டு கடிதங்கள்.

வாசாவின் மொழிபெயர்ப்பு நிலையம் எழுதியது,
காலையில் திறந்தால்
பலகைக்கு அம்மை வார்த்திருக்கிறது.

துர்க்குவிலிருந்து ஒரு மேலாளர் மட்டும்
மகிழ்ச்சி பொங்க எழுதியிருந்தார்.
யார் பெயரில் எத்தனை என்று
வரிசைப்படுத்தித் தர முடியுமா?

தூலிக்கி அதை இரண்டு தரம் படித்தாள்.
"முடியும்," என்றாள்.
"அரை நாள் வேலை.
அதனால்தான் பயமாக இருக்கிறது."
அவருக்கு மறுப்பு எழுத
அவளுக்கு ஒரு நாள் முழுதும் பிடித்தது.

சிவப்பை எடுத்துவிட்டுப் பென்சில் நிறம் தந்தோம்.
எண் வேலைக்கு உரியது, ஆளுக்கு அல்ல;
எந்த அறிக்கையிலும் அது பெயரோடு சேராது.
மூன்றாம் முறை தள்ளும்போது
பலகை ஒரு கேள்வி கேட்கட்டும் என்றேன்: ஏன்?

ஏரிக்கி காப்பிக் கோப்பைக்குள் சிரித்தான்.
"ஏன் என்று கேட்டால்
எல்லாரும் அழகாகப் பொய் சொல்வார்கள்.
நானும்தான்."
ஒன்றரை மணி நேரம் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி
கடைசியில் இப்படி வைத்தோம்:
எதற்காகக் காத்திருக்கிறது?

பதில்கள் வரத் தொடங்கின.
ஒரு சாவிக்காக.
பனி உருகுவதற்காக.
விடுப்பில் போன ஒருவருக்காக, அவர் திரும்பவில்லை.
நான்காம் பளுதூக்கிக்கு கோட்காவில் எழுதினார்கள்:
ஆயிரத்து முந்நூறு யூரோவுக்கு
ஒரு கையெழுத்துக்காக.

டிசம்பர் நடுவில் எங்கள் சொந்தப் பலகையிலும்
அதை இயக்கிப் பார்த்தேன்.
நிலுவையின் அடியில் ஓர் அட்டை.
குவோப்பியோவின் பல் ஆய்வகம் ஒன்று
மார்ச் மாதம் கேட்டது:
"வேலை எத்தனை முறை தள்ளிப்போனது என்று காட்ட முடியுமா?"
பணிவாகத்தான் கேட்டிருந்தார்கள்,
நன்றியெல்லாம் சொல்லி.
மூலையில் எண் பத்தொன்பது.

செய்துமுடித்த வேலை, மூடுகிறேன் என்று தொட்டால்
பலகை விடவில்லை:
எதற்காகக் காத்திருக்கிறது?

தூலிக்கி கோட்டு மாட்டிக்கொண்டு
பேருந்துக்கு நேரமாகிறது என்று நின்றாள்.
பெட்டியில் இருநூறு எழுத்துக்கு இடம் இருந்தது.
எனக்காக, என்று அடித்தேன்.
ஐந்தே எழுத்து.

விளக்கணைக்கப் போகும்போது கோட்காவிலிருந்து மறுபடி.
பிரேக் மாற்றியாயிற்றா என்று ஒரு சொல் இல்லை.
"உங்கள் கேள்விப் பெட்டி ரொம்பச் சிறியது.
நாங்கள் கையுறையோடு தொடுகிறோம்."

திரும்ப உட்கார்ந்து
ஓர் அட்டை போட்டேன்.
மூலை இப்போதைக்குக் காலி.