மட்டம்

அழகம்மை கத்தியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.
கூடவே, பாலித்தீன் பையில்
அதால் நறுக்கிய ஒரு வெங்காய வட்டம்:
ஒரு விளிம்பு கண்ணாடித்தாள்,
மறு விளிம்பு தேங்காய்ச் சில்லு.
"இடப்பக்கமா இழுக்குது" என்று
பால் கணக்குத் தாளில் ஒரு வரி.

ஆயிரம் இலைக்குச் சமைக்கிறவர்.
அவர் கை இழுக்காது.

புதுவயலில், கண்டனூர்ச் சாலையில்,
அரிசி ஆலைக்கும் உமிக் கிடங்குக்கும் நடுவே
எங்கள் பட்டறை.
நீளப் படுக்கை வைத்த பழைய மில்லிங் என் பொறுப்பு;
அலகின் சரிவை நான் சீவித் தருவேன்.
பெல்ட் சாணை வயிரவனுடையது.
"உன் தலை சாஞ்சிருக்கு" என்பான்.
மெஷினின் தலையைச் சொல்கிறான் என்றே
மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.
"உன் உருளை தேஞ்சிருக்கு" என்பேன்.
அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ.

ஞாயிறு ஆலை ஓடாது.
வாரத்தில் தரை நடுங்காத ஒரே நாள்.
டயல் கேஜை ஸ்பிண்டிலில் கட்டி
மேசை மேல் ஒரு சுற்று விட்டேன்,
தொட்டிலைக் கடந்து போகிறவள் மாதிரி, மெதுவாக.
நாலு திசையிலும் பூச்சியம்.
தலைமேல் குற்றமில்லை.

மேசையை வலது கோடிவரை ஓட்டி
மறுபடி சுற்றினேன்.
கிழக்கே பூச்சியம். தெற்கே பூச்சியம்.
மேற்கே முள் இரண்டு கோடு தள்ளி நின்றது.
நூறில் இரண்டு:
தலைமயிர் ஒன்றை நீளவாக்கில் நாலாய்க் கிழித்தால்
அதில் ஒரு கீற்று.
அந்தக் கீற்றைத்தான் அழகம்மையின் மணிக்கட்டு
இருநூறு கிலோ வெங்காயம் சுமந்தபின்
கண்டுபிடித்திருக்கிறது.

ஆக, படுக்கை முறுக்கிக் கிடக்கிறது.
இடது கோடியில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி நடுவில்.
வலது கோடியில் வைத்தேன்.
குமிழி நடுவில்.
முறுக்கே இல்லை என்கிறது மட்டம்;
இருக்கிறது என்கிறது முள்.
இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.
நான் டீ குடித்தேன்.

டீ ஆறுகிற நேரத்தில்தான் உறைத்தது:
வலது கோடியில் சுவர் இடிக்கும்.
பின்பக்கம் போய் நின்றுதான் படிக்க முடியும்.
இத்தனை வருடமும் அந்தக் கோடியில்
மட்டத்தைத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.

சுவரையொட்டி ஒடுங்கி, கழுத்தை முறித்து,
இடது கோடியில் வைத்த அதே முகமாய் வைத்தேன்.
குமிழி சுவர்ப்பக்கம் ஓடிப்போனது.
ஒரே இடம்,
முகம் மாற்றினால் வேறு பேச்சு.
வித்தியாசம் நாலு கோடு.
அதில் பாதி தரையுடையது,
பாதி மட்டத்துடையது.
அந்தப் பாதிகளை நான்
இரண்டு கோடியிலும் எதிரெதிராய் இறுக்கி
போல்ட் போட்டு வைத்திருந்தேன்,
நூல் பிடித்த மாதிரி இருக்கிறதென்று வேறு
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.

மட்டத்தின் ஓரத்துத் திருகை
மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று திருப்பினேன்.
இப்படி வைத்தாலும் அப்படி வைத்தாலும்
குமிழி ஒரே சொல்லில் நிற்கும்வரை.
பிறகு கால்கள். தளர்த்து, பித்தளைத் தகடு செருகு, இறுக்கு.
இறுக்கும்போது அது நகரும்;
நகரப்போவதையும் சேர்த்துத் தளர்த்து.
நாலு மணிக்கு மேற்குத் தகரம் காய்ந்து
படுக்கை மறுபடி விரிய,
விட்டுவிட்டு, இருட்டியபின் தொடங்கினேன்.

இரவு பதினொன்றுக்கு ஒரு கத்தி முடிந்தது.
கூர்மட்டும் வயிரவனின் சாணையில் நானே தொட்டேன்,
அவனிடம் சொல்லவேண்டாம்.
பாதி வெங்காயம் இருந்தது.
நறுக்கி, அழகம்மையின் தாள்மேல் விரித்தேன்.
ஓரத்திலிருந்து ஓரம்வரை
'இடப்பக்கமா இழுக்குது'
ஒரே வெளிச்சத்தில் படித்தது.

திங்கள் காலை ஆலை பொங்கி எழ,
தரை பழையபடி நடுங்க, வயிரவன் வந்தான்.
"உன் உருளை தேயலை" என்றேன்.
"மட்டம்தான் மட்டமா இருந்திருக்கு."
சிரிக்கவில்லை.
எதுவும் கேட்கவுமில்லை.
சாப்பாட்டுக்கு ஆலை நிற்கும்வரை காத்திருந்து,
ரசமட்டத்தை எடுத்து, வலது கோடியில் வைத்து,
படித்து,
திருப்பி வைத்து
மறுபடி படித்தான்.

என்னை நம்பவில்லை.
எனக்கு நிம்மதியாக இருந்தது.