குறிலில் முடியும் சொல்

பதினோரு கிராம் ஐஸ்.
உறையிலிட்டுச் சிவப்பு அரக்கு வைத்து
கொழும்புக்கு அனுப்பிப் பதினான்கு மாதம்.
இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை
இன்னும் மலையேறவில்லை.
விளக்கமறியலிலிருந்து டிலக்சனும்தான்.

நான் நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன்.
மேலிருந்து வரும் சிங்களத்தைத் தமிழாக்கிக்
கூண்டுக்குள் இறக்குவேன்.
கூண்டுக்குள்ளிருந்து வருவதைச்
சிங்களமாக்கி மேலே ஏற்றுவேன்.
இடையில் எதுவும் என் பையில் தங்கக்கூடாது.
பத்தொன்பது வருடம்
பெரும்பாலும் தங்கியதில்லை.

அரச சட்டத்தரணி எழுந்தார்.
வெளியே விட்டால் சாட்சியைக் கலைப்பான்,
மறுபடி விற்பான்,
பிடிபட்டது பாடசாலைச் சந்தியில் என்றார்.
அவன் பக்கத்துச் சட்டத்தரணி எழுந்தார்.
அறிக்கையே இல்லாமல் ஒருவனை
எத்தனை காலம் வைத்திருப்பது,
அது கற்கண்டாகக்கூட இருக்கலாம் என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை.
இரண்டு பேச்சும் எனக்கு நியாயமாகவே பட்டன.
எனக்குப் பட்டு என்ன.

பிணை கிடைத்தது.
இரண்டு இலட்சம் காசு.
சரீரப் பிணைக்கு இரண்டு பேர்,
இருவருக்கும் நிலையான வதிவிடம்,
கிராம சேவகரின் கடிதம்.
மாதக் கடைசி ஞாயிறு பொலிஸில் கையெழுத்து.
கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும்.
ஹட்டனைத் தாண்டிக் கொழும்புக் கடையொன்றில்
கோப்பை கழுவியதுதான்
அவன் போன வெளிநாடு.

நிலையான வதிவிடம் என்பதை
எப்படி இறக்குவதென்று ஒரு கணம் திணறினேன்.
"உங்க பேர்ல வீடு இருக்காம்மா?"
"ஏழாம் லயம், நாலாம் காம்பரா."
"அது கம்பெனியோடது."
"கூரைத் தகரம் நாங்கதாங்க மாத்துறோம்.
போன மழைக்கும் மாத்தினோம்."
அதையும் சிங்களத்தில் சொன்னேன்.
நீதிபதி தலையசைத்தார்.
பதிவாளர் பேனையை எடுக்கவில்லை.

காலையில் தேத்தண்ணி நேரத்தில்
சிவனம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.
ஐந்தாம் காம்பரா பவளராணியின் மகன்
இவனிடம் வாங்கியவன்.
மூன்று இரவு தூங்காமல்
நடுச்சுவரை நகத்தால் சுரண்டினானாம்.
இந்தப் பக்கம் படுத்திருந்த இவளுக்கு
எலி என்று நினைப்பு.
இப்போது அவனை அங்கொடையில் வைத்திருக்கிறார்கள்.
"இவன் வந்து அதே சுவரோரந்தானே படுக்கணும்?
வேற இடம் ஏது?"
அது வழக்கேட்டில் இல்லை.
நானும் அதை எங்கும் ஏற்றவில்லை.

நீதிபதி எனக்காகக் காத்திராமல்
நேரே அவளைக் கேட்டார், சிங்களத்தில்,
மகனுக்குப் பிணை நிற்கிறாயா என்று.
அவளும் எனக்காகக் காத்திருக்கவில்லை.
கொழுந்து மடுவத்தில் பொறுக்கிய சிங்களத்தில்
ஒரே ஒரு சொல் சொன்னாள்.

அந்த மொழியில் இரண்டு சொல் உண்டு.
வாயை அகட்டிக்
குறிலில் முடித்தால் பிணை.
நெடிலில் இழுத்தால் வேண்டாம்.
அவள் சொன்னது
இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது.
குளிரில் பல் அடித்ததா,
மூச்சுத்தான் நீண்டதா.

நீதிபதி ஏட்டில் குனிந்து எழுதத் தொடங்கினார்.
நான் அவள் பக்கம் சாய்ந்தேன்.
"என்ன சொன்னீங்கம்மா?"
கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை
முந்தானையில் துடைத்தபடி
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"பாஷ படிச்சவரு நீங்கதானே."

கூண்டில் டிலக்சன்
எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒரு குறிலை நெடிலாக்க
எனக்குச் சம்பளமில்லை.
நெடிலைக் குறிலாக விட்டுவிடவும் இல்லை.
எழுந்து நின்றேன்.
தொண்டையைச் செருமினேன்.
கனம் நீதிபதி அவர்களே என்பது வரை
தடங்கலில்லாமல் வந்தது.