இரண்டு தசம் ஒன்று

புத்தூர்ச் சந்திப் பால் நிலையத்தில்
ஆறு வருசம் கொழுப்புப் பார்த்தவள் நான்.
அமிலம் விட்டு, பால் விட்டு, குழாயை அடைத்துச்
சுழற்றி எடுத்தால்
மஞ்சளாய் ஒரு கோடு எழும்பி நிற்கும்.
அந்தக் கோட்டுக்குத்தான் காசு.

பதினெட்டாம் நாள், விடிய மூன்றரை.
பிள்ளை இன்னும் வாய் வைக்கவில்லை.
தானாய்க் கசிந்ததை
பாணி மருந்தின் மூடியில் பிடித்து
போன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
நீலம்.
அரிசி கழுவின தண்ணி இதைவிடத் தடிப்பு.

என் வரிசையில் ஒருவர் இதைக் கொண்டுவந்திருந்தால்
கேனோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் மூன்று நாளும் இப்படி இல்லை.
பெரியாஸ்பத்திரி வாட்டில்
ஒரு கரண்டியும் நிறையாமல்
தேன்போல ஒட்டிக்கொண்டு வந்தது சீம்பால்.
கன்று போட்ட பசுவென்றால்
ஐந்து நாள் போகும்வரை பால் எடுக்கமாட்டோம்,
காய்ச்சினால் திரளும், மற்றதையும் கெடுக்கும் என்று
நிலையத்துப் பலகையில் எழுதி ஒட்டினதே நான்தான்.
நான் தள்ளிவைத்ததை
என் மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

குடும்பநல மாது நிரோசினி திங்கட்கிழமை வந்தா.
மூடியைப் பார்த்தா. சிரிக்கவில்லை.
"அக்கா, இது தாகத்துக்கு வாறது.
பசிக்கு வாறது பிறகுதான் வரும்.
மணிக்கூட்டைப் பார்த்துப் பக்கம் மாத்தாதேங்கோ.
அவள் தானா விடட்டும்."

கஜேந்திரன் பாசையூருக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தார்.
வறையும் தின்றேன், சரக்குக் கறியும் தின்றேன்.
என்றாலும் நான் பரிசோதனைக்காரி.
அன்றிரவு அவள் குடித்து முடித்து
பொத்தின கை விரிந்து
வெறிகாரன்போலச் சரிந்த பிறகு
மிச்சத்தைப் பிழிந்தேன், இன்னொரு மூடியில்.
முன்னதையும் பின்னதையும்
குளிர்ப்பெட்டியில் மீன் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காலையில்
முன்னதில் நூலளவு வெள்ளை.
பின்னதில் கால்வாசி ஆடை.
ஒரே மார்பு. இடையில் அரை மணித்தியாலம்.

அந்த ஆடையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில்
மங்கையற்கரசி நினைவில் வந்தா.

நீர்வேலியிலிருந்து சைக்கிளில்
ஒரு பசுவின் பால் கொண்டுவாறவ.
மார்கழி மழை, வரிசை முழுக்க ஆட்கள்.
பால்மானி முப்பதில் சரியாய் நின்றது.
குழாய் மட்டும் சொன்னது: இரண்டு தசம் ஒன்று.
"ஆடையை எடுத்துப்போட்டோ கொண்டாறீங்கள்?"
எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டேன்.

"எடுக்கேல்லைப் பிள்ளை.
முதல் கறக்கிறதை இங்க கொண்டாறன்.
கடைசியைக் கண்டுக்கு விட்டிடுவன்.
அதுதானே அதின்ரை."

எல்லாரும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.
லீற்றருக்குப் பன்னிரண்டு ரூபா வெட்டி
சிவப்பு மையில் எழுதினேன்.
தைப்பொங்கலுக்குப் பிறகு அவ வரவில்லை.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை,
நானும்.

பகலில் ஒரு பால், இரவில் வேறு பால் என்கிறா நிரோசினி.
பிள்ளைக்குத் தடிமன் வந்தால்
அதற்கும் ஒன்று கலந்து வருமாம்.
எந்தக் கொப்பியில் எந்த நிரலில் எழுதுவது இதை?
குழாயைச் சுழற்றி நிறுத்தின அந்த நிமிடம்
எந்த நிமிடப் பால் என்று
ஆறு வருசத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

லீவு முடிய அறுபது நாளுக்கு மேல் கிடக்கிறது.
நீர்வேலிக்குப் போகவேண்டும்.
பசு நிற்குதோ, வித்துப்போட்டாவோ.
போய் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.
பன்னிரண்டு ரூபாவையா எண்ணிக் கொடுப்பது?

இப்போது எழும்ப முடியாது.
மகள் குடிக்கிறாள்.
முதலில் அவதியாய் மடக்மடக்கென்று விழுங்கினவள்
இப்போது நிறுத்தி நிறுத்தி இழுக்கிறாள்.
அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம்.
வழியட்டும்.
அவள் கடைசிக்கு வந்துவிட்டாள்.