ஏழு வார டயர்

எட்மண்டனிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.
பனி டயர் மாட்டியாகிவிட்டதாம்.
காரின் பின்பெட்டியில் போர்வை, மெழுகுவர்த்தி, மண்வாரி,
சக்கரம் வழுக்கினால் தூவுவதற்குப்
பூனைக்கு வாங்கிய மணலில் அரை மூட்டை.
"உனக்கென்னடி, வருசம் பூரா ஃபேன்" என்றாள்.
ஆமாம் என்றேன்.
சன்னலில், செம்பவாங் பக்கம்,
வானம் கரிச்சட்டியின் அடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

துணி காயாத மாதம் இது.
மூங்கில் கழிகளை உள்ளே இழுத்து
நாற்காலி முதுகுகளில் குறுக்கே போட்டாயிற்று.
நகுலனின் பள்ளிச்சட்டைக்கடியில்
குனிந்து குனிந்து சோற்றுப்பானைக்குப் போகிறோம்.
சமையலறைச் சன்னலின் ரப்பரை மாற்றினேன்.
காலணி அலமாரிக்குள் ஈரமுறிஞ்சி டப்பா நான்கு:
போன டிசம்பரில்
அவர் நேர்முகத்துக்குப் போட்டுப்போகும் ஷூவில்
பச்சையாகப் பூத்திருந்தது.
துடைத்துப் போட்டுக்கொண்டு போனார்.
அந்த வேலை கிடைக்கவில்லை.
ஷூவினால் இல்லை.

மிச்சமிருந்தது கார்.

ஜனவரி பதினெட்டில் அதற்குப் பத்து வயது,
உரிமைச் சான்றிதழ் முடிகிறது.
நீட்டிக்கிற விலைக்கு
எங்கள் வீட்டின் ஓர் அறையை விற்க வேண்டும்.
உடைக்கிற இடத்துக்குப் பேசிவைத்தாயிற்று.

ஆ குவான் இருபது காசு நாணயத்தை
டயரின் பள்ளத்தில் நட்டுப் பார்த்தான்.
நாணயம் முழுசாக வெளியே நின்றது.
"ஏழு வாரந்தானே அக்கா?
மெதுவா ஓட்டு. வைப்பர் மட்டும் மாத்திக்கோ."

இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழன்,
விரைவுச்சாலையில், லோர்னி திருப்பத்துக்கு முன்னால்,
ஸ்டியரிங் கைக்குள் ஒன்றுமில்லாமல் ஆனது.
கார் தரையில் இல்லை.
பின்னிருக்கையில் நகுலன்
ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
ஏழொன்பது சொல்வதற்குள்
சாலை திரும்ப வந்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
அக்காவிடமும்.

"இரண்டு டயர் போடு" என்றேன்.
ஆ குவான் என்னைப் பார்த்தான்,
காரைப் பார்த்தான்,
ஏதோ கேட்க வந்து, ஜாக்கியை எடுத்தான்.

இரவு, கார்பார்க் நான்காம் தளத்தில்,
வெளியே மழை சுவர்போல் நிற்க,
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
புது டயர் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் முடிகள்,
நகுலன் பிறந்த வாரத்தில்
அவன் காதுமடலில் இருந்ததுபோல.

மேலே போனதும் அவர் கேட்டார்,
"எவ்வளவு ஆச்சு?"
"வைப்பர்தான்" என்று சொல்லிவிட்டு
ஈரச் சட்டைகளுக்கடியில் குனிந்து போனேன்.